கையெழுத்து மட்டும் போட்ட செக்

முனிரத்தினத்தின் முதல் வருஷ தெவசத்துக்கு வந்தவர்கள் வடை தீரும்வரை முனிரத்தினத்தைப் பற்றிப் பேசினார்கள். வடை தீர்ந்ததும் அவர் விட்டுப்போன பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பேச நிறையவே இருந்தது. மானாம்பதி ஏரிக்குக் கீழே அவருக்கு இருந்த அறுபது சென்ட் கழனியைத் தை மாதம் விற்றிருந்தார்கள். இரண்டு மகள்கள். செலவெல்லாம் போக ஆளுக்கு எட்டு லட்சம். பெரியவள் பாஞ்சாலி தன் பங்கை அப்போதே போடவேண்டிய இடத்தில் போட்டுவிட்டாள் என்று ஊர் நம்பியது. சின்னவள் பிரபாவின் பங்கு ஆறு மாதமாகப் பேங்கில் சும்மா கிடந்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னது அதற்குத்தான்.

"தங்கமா வாங்கிப் போடுடி" என்றாள் சித்தி சிட்டம்மாள். "என்னிக்கி ஏறுதோ அன்னிக்கி வித்துக்கலாம்."

"வாங்கி எங்க வெக்கறது சித்தி? உன் அரிசி டப்பாலயா?"

"என் அரிசி டப்பாவுக்கு இன்னா கொறச்சல்? இருவது வருசமா என் மூக்குத்தி அதுலதான் கீது."

மாமா வரதன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "தங்கத்த திருடன் தூக்கினு பூடுவான். மனை வாங்கிப் போடு. எவன் தூக்குவான்?"

"நீ வாங்குன மனைல தண்ணி நிக்குதாமே மாமா" என்றாள் பிரபா. "வாத்து மேய்க்கறாங்கன்னு சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் சிரித்துக்கொண்டே பாயசத்துக்குக் கையை நீட்டினார்.

"எனக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது" என்று பிரபா முடித்தாள். "அக்கா எங்க போட்டுச்சோ அங்கயே எனக்கும் போட்டுடட்டும். நீ எங்க போட்டக்கா?"

பாயசக் கரண்டியோடு நின்றிருந்த பாஞ்சாலியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போஸ்ட் ஆபீஸ்லதான்" என்றாள் பாஞ்சாலி. "நான் வேற எங்க போடுவேன்?"

"அதான பாத்தேன்" என்றார் வரதன். "கையிலயே ஆளு கீது. நம்ம போயி யோசன சொல்லிக்கினு கீறோம்."

பாஞ்சாலி அடுத்த இலைக்கு நகர்ந்தாள். கரண்டி இலையில் இடித்துப் பாயசம் சிட்டம்மாளின் சேலையில் தெறித்தது.

பாஞ்சாலி பதினாலு வருஷமாகப் போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட். மானாம்பதியிலும் சுற்றியிருந்த இரண்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய் மாதச் சேமிப்புப் பணம் வாங்கி, உத்திரமேரூர் போஸ்ட் ஆபீஸில் கட்டி, பாஸ்புத்தகத்தில் வரவு வைத்துக் கொண்டுவந்து காட்டுவாள். ஊரில் அவளுக்குப் பெயரே போஸ்ட் ஆபீஸ் அக்கா. அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

அவளுடைய பழுப்பு ரெக்சின் பையில் இன்னொன்றும் இருந்தது. பணம் எடுக்கிற ஃபாரங்கள். தொகை எழுதாமல், தேதி எழுதாமல், கையெழுத்தோ கைநாட்டோ மட்டும் வைத்தவை. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்க யாருக்கு முடியும்? அதனால் கணக்கு ஆரம்பிக்கும் அன்றைக்கே நாலு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். இது விதிப்படி தப்பு என்று பாஞ்சாலிக்குத் தெரியும். போஸ்ட் ஆபீஸுக்குத் தெரிந்தால் ஏஜென்சியே போய்விடும் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு பைசா அவள் கை மாறிப் போனதில்லை. அந்தப் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது நிமிர்ந்து நடப்பாள்.

எனவே பந்தி முடிந்ததும் பிரபா சமையலறைக்கு வந்து, ஒரு செக்கை அக்காவிடம் நீட்டியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதன் கீழ்மூலையில் பிரபாவின் கையெழுத்து மட்டும் இருந்தது.

"இந்தா. பேரு, தொகை எல்லாம் நீயே எழுதிக்கோ. ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் கவர்ல கீது."

"நீயும் ஒரு நாள் வாயேன் பிரபா."

"எப்போ வர்றது? அஞ்சரைக்கு கம்பெனி பஸ் வந்துடுது. வூடு திரும்ப ஏழு ஆவுது." பிரபாவுக்குச் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை. அவள் புருஷன் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டிக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் தஞ்சாவூர்ப் பக்கம் கிடப்பவன். ஒரு மகள், இளமதி. "மாசாமாசம் வட்டி வருமே, அந்த ஸ்கீம்ல போட்டுடு. இளமதி நர்சிங் படிக்கணும்னு சொல்லிக்கினு கீது. அந்த வட்டி ஹாஸ்டலுக்கு ஆவும். மொதல தொடவே கூடாது. நைனா கயனி அது."

பாஞ்சாலி செக்கை வாங்கி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் பையில் வைத்தாள். முதலில் வாங்கி, பிறகுதான் துடைத்தாள் என்பதை அவள் கவனிக்கவில்லை. செக்கின் ஓரத்தில் பாயசப் பிசுக்கு ஒட்டியது.

பாஞ்சாலியின் எட்டு லட்சம் போஸ்ட் ஆபீஸில் இல்லை.

மாசி மாதம் தினேஷ்குமார் அவளை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்தான். பக்கத்துத் தெருப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன். புதிதாக ஒரு கம்பெனிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். லட்சத்துக்கு மாசம் ஆறாயிரம். எட்டு லட்சத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். அதே பணத்துக்குப் போஸ்ட் ஆபீஸ் ஐயாயிரம்கூட முழுசாகத் தராது.

வட்டி அதிகம் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடு என்று பதினாலு வருஷமாக வாசல் வாசலாகச் சொன்னவள் அவள்தான். அன்றைக்கும் அதைத்தான் தினேஷிடம் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் நாற்பத்தெட்டாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தாள். ஊரார் வட்டியையே எழுதி எழுதிப் பழகிய கை. ஒரு தடவையாவது தன் பெயருக்கு நேரே பெரிய எண்ணாகப் பார்க்க அதற்கு ஆசை வந்துவிட்டது.

யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, வெயில் உச்சியில் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனி ஆபீஸின் மாடிப்படி ஏறினாள். புருஷன் பஞ்சாட்சரத்திடம், "போஸ்ட் ஆபீஸ்ல அஞ்சு வருசத்துக்குப் போட்டாச்சு" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடலைக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். பணம் விஷயத்தில் அவளைக் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

இரண்டு மாதம் வட்டி வந்தது. ஃபிரிட்ஜ் வாங்கினாள். கமிஷன் சேர்ந்தது என்று சொன்னாள். வைகாசியில் வரவில்லை. ஆனியில் ஆபீஸ் பூட்டியிருந்தது. சர்வர் மாற்றுகிறார்கள் என்றான் தினேஷ். ஆடி பிறந்ததும் பூட்டிய ஆபீஸ் முன்னால் ஆட்கள் கூடி நிற்பதாகக் கேள்விப்பட்டாள். அவள் போகவில்லை. அங்கே தெரிந்த முகம் ஏதாவது இருந்துவிட்டால்?

தெவசத்துக்குப் பத்து நாள் முன்னால் தினேஷ் போன் செய்திருந்தான். "ஒரு வழி கீதுக்கா. புதுசா ஒரு எட்டு யாராச்சும் போட்டா, உங்க பழைய எட்டு ரிலீஸ் ஆவுது. மேலிடத்துல நானே பேசிட்டேன்."

"எட்டு லட்சத்துக்கு நான் எங்கடா போவேன்?"

"பாருங்கக்கா. உங்கள நம்பாத ஆளு இந்த ஊர்ல கீதா?"

திங்கட்கிழமை காலை, பஞ்சாட்சரம் கழனிக்குப் போன பிறகு, பாஞ்சாலி ஃபிரிட்ஜின் மேல் செக்கை வைத்து எழுதினாள். ஐந்து சொல் நீளமான அந்தக் கம்பெனியின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி, போஸ்ட் ஆபீஸ் ஃபாரங்களில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதினாள். பிறகு தொகை. எண்ணால், எழுத்தால். தேதி.

கை நடுங்கவில்லை. பின்னால் நினைத்தபோதெல்லாம் அவளை அதிகம் குன்றவைத்தது இதுதான்.

மனதுக்குள் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. பிரபாவின் எட்டைப் போட்டால் தன் எட்டு வெளியே வரும். வந்ததை அன்றைக்கே பிரபாவின் பேரில் போஸ்ட் ஆபீஸில் போட்டுவிடலாம். கம்பெனியில் இருப்பது தன் பணமாக இருந்துவிட்டுப் போகட்டும். பிரபாவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தெரியவே தெரியாது. இது ஒரு கைமாற்று, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினேஷ் காத்திருந்தான். வெளியே அவன் புது பைக்கின் மேல் துணி விரித்திருந்தான், வெயில் படாமல் இருக்க.

"வாங்கக்கா. டீ சொல்லட்டா? நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு."

"செக் கொண்டாந்தீங்களா?"

"ம்."

"இருங்க, அதுக்கு முன்னாடி." தினேஷ் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றையும் மடித்த அட்டை ஒன்றையும் எடுத்தான். "அம்மாவோட ஆர்டி. இந்த மாசத்துது. நேத்து தெவசத்துல உங்ககிட்ட எப்படி குடுக்கறதுன்னு எங்கிட்ட குடுத்து வுட்டுச்சு."

அவன் அம்மா செங்கேணி, பாஞ்சாலியிடம் ஒன்பது வருஷமாகக் கட்டுபவள். ஒரு மாதமும் தவறியதில்லை. பாஞ்சாலி பழக்கத்தில் அட்டையை வாங்கி மடியில் வைத்து, தேதி எழுதி, ஐந்நூறு என்று எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டங்கள் வரிசையாக நிறைந்திருந்தன. மாசி, பங்குனி, சித்திரை, எல்லாம்.

"ஏன் தினேஷு" என்றாள். "உங்கம்மா பணத்த நீ ஏன் கம்பெனில போடல?"

அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். அதில் கள்ளம் எதுவும் இல்லை. வேடிக்கையான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டதுபோலத்தான் சிரித்தான்.

"அது அம்மா பணம்கா. அதுல போயி யாராச்சும் விளையாடுவாங்களா?"

பாஞ்சாலி அட்டையை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"செக்கு?" என்றான் தினேஷ்.

அவள் பையைத் திறந்தாள். ஃபாரங்களுக்கு நடுவில் செக் தெரிந்தது. பையை மூடினாள்.

"வூட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்பா."

"இப்பதான கீதுன்னு சொன்னீங்க?"

"கவரு கீது. செக்கு இல்ல. மாத்தி எடுத்துக்கினு வந்துட்டேன்."

தினேஷ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். "வெள்ளிக்கெயமைக்குள்ள போட்டாதான் ரிலீஸுக்கா. அப்பால என்ன கேக்காதீங்க."

"சரிப்பா."

உன் கம்பெனி திருட்டுக் கம்பெனி என்று கத்தவில்லை. எழுந்துபோய் யாரிடமும் சொல்லவும் இல்லை. தினேஷுக்கு அவன் அம்மாமேல் இருந்த அக்கறை தனக்குத் தங்கைமேல் இல்லாமல் போயிற்று என்ற ஒன்று மட்டும் உறைத்தது. டீயைக் குடிக்காமல், இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் மானாம்பதி வந்து சேர்வதற்குள் அடுத்த பொய் தயாராகிவிட்டது. செக்கில் தண்ணீர் பட்டுவிட்டது. வேறு செக் வாங்கி, ஒழுங்காக போஸ்ட்மாஸ்டர் என்று எழுதி, நாளைக்கே கட்டிவிடலாம். இந்தச் செக்கை அடுப்பில் போட்டுவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

இரவு ஏழரைக்குப் பிரபாவின் வீட்டுக்குப் போனாள். பிரபா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஷூ ஒட்டுகிற பசை அவள் விரல் நுனிகளில் காய்ந்திருந்தது. இளமதி உள்ளே விளக்கடியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, அதுக்குள்ள போட்டுட்டியா?"

"இல்ல பிரபா. செக்குல தண்ணி பட்டுடுச்சு. வேற ஒன்னு குடு."

"அவ்ளோதான? இதுக்கா இம்மாம் தூரம் வந்த. போன் பண்ணா இளமதிகிட்ட குடுத்து அனுப்ச்சிருப்பேன்ல." பிரபா உள்ளே போய் செக் புத்தகத்தை எடுத்து வந்தாள். கிழித்துக் கையெழுத்துப் போட்டாள். நீட்டினாள். பாஞ்சாலி வாங்கப் போகும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அந்த பழைய செக்க குடு. கிழிச்சிடறேன். கையெழுத்து போட்ட செக்க வெளியே வுடக் கூடாதுன்னு பேங்க்ல ஒருவாட்டி திட்டுனாங்க."

"நான் கிழிச்சிடறேன்."

"உன்கிட்ட கீதுல்ல? குடேன்."

அடுப்பில் போட்டாயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் யோசித்தபோது அந்த வார்த்தையும் வந்திருந்தது. ஆனால் பிரபா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பசை காய்ந்த அந்த விரல்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பாஞ்சாலி பையைத் திறந்து செக்கை எடுத்துக் கொடுத்தாள்.

பிரபா கிழிப்பதற்காக இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"தண்ணியே படலியே."

பிரபா செக்கை விளக்குக்கு நேரே பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். நாள் முழுக்க ஷூ டப்பாக்களில் ஆங்கில லேபிள் பார்த்து ஒட்டுகிறவள். முதல் இரண்டு சொல்லிலேயே நிறுத்திவிட்டாள்.

"இது அந்த கம்பெனி பேராச்சே. எங்க ஷூ கம்பெனி லைன்ல ரெண்டு பொண்ணுங்க இதுல பணத்த போட்டுட்டு அயுதுக்கினு கீதுங்க." மறுபடி பார்த்தாள். "இது உன் எழுத்து."

"ஆமா."

"இளமதி, நீ போயி கடைல பால் வாங்கிக்கினு வா."

"பால் கீதுமா."

"போன்னா போ."

பெண் போகும்வரை இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு பாஞ்சாலி சொன்னாள். மாசி மாதத்திலிருந்து டீக்கடை வரைக்கும் எல்லாம் சொன்னாள். ஃபிரிட்ஜைக்கூட விடவில்லை. சொல்லும்போது பிரபாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், சுவரில் மாட்டியிருந்த நைனாவின் படத்தைப் பார்த்தாள். அதையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"உன் எட்டும் போச்சா?"

"போச்சு."

"பஞ்சாட்சரம் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பிரபா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவில்லை. செக்கை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"கம்பெனில கேக்கறவங்களுக்கெல்லாம் எங்கக்கா போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட்டு, எங்க வூட்ல ஒரு பைசா வீணாப் போவாதுன்னு பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன்கா" என்றாள். "நீ பணத்த வுட்டதுகூட எனக்கு இன்னும் மனசுல ஏறல. நீ இத எழுதும்போது என் ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்தும் எழுதின."

"ஆமா."

"தினேஷு அவங்கம்மா பணத்த உன்கிட்ட குடுக்கலன்னா, நீ குடுத்துட்டிருப்ப."

பாஞ்சாலி யோசித்தாள். இந்த ஒரு கேள்விக்காவது நல்ல பதில் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"குடுத்துட்டிருப்பேன்" என்றாள்.

பிரபா எழுந்து மடித்த செக்கைத் தன் பர்சுக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. புதிதாகக் கையெழுத்துப் போட்ட செக்கைக் கிழித்தாள்.

"சனிக்கெயம லீவு சொல்றேன். சம்பளம் போனா போவுது. நானே வர்றேன். நீயும் வா. எனக்கு எங்க எங்க எழுதணும்னு தெரியாது."

சனிக்கிழமை பத்து மணிக்குப் போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் பாஞ்சாலியைப் பார்த்ததும் கிளார்க் சிரித்தார். "வாங்கம்மா. யாரு, தங்கச்சியா? முகமே சொல்லுதே."

"ஆமா சார்."

பிரபா ஃபாரத்தை வாங்கிக்கொண்டு ஓரத்து மேஜைக்குப் போனாள். பாஞ்சாலி பேனாவை எடுத்தாள். பதினாலு வருஷத்துப் பழக்கம். பிரபா ஒன்றும் சொல்லாமல் தன் பர்சிலிருந்து வேறு பேனாவை எடுத்தாள்.

"இங்க பேரா?"

"ஆமா. பெரிய எழுத்துல."

"இங்க?"

"நாமினி. இளமதி பேரு போடு. பதினெட்டு ஆவலல்ல, அதனால பக்கத்துல பெரியவங்க பேரு ஒன்னு கேப்பாங்க."

பிரபா அந்த இடத்தில் புருஷன் பெயரை எழுதினாள். போன வாரமாக இருந்தால் அங்கே யார் பெயர் வந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். செக்கில் போஸ்ட்மாஸ்டர் என்று எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். மேஜைமேல் பாஞ்சாலியின் கை சும்மா கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளார்க் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கட்டம் காலியா இருக்கே. ஏஜென்ட் பேர் எழுதணும். எழுதிடுங்க, அக்காவுக்குக் கமிஷன் வரும்ல."

பிரபா ஃபாரத்தை வாங்கினாள். அந்தக் கட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"ஏஜென்ட் யாரும் இல்ல சார். நானே வந்துக்கீறேன்."

கிளார்க் பாஞ்சாலியைப் பார்த்தார். பாஞ்சாலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னால் வரிசையில் தெரிந்த பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கழுத்திலிருந்து காதுவரை சுடுவது அவளுக்குத் தெரிந்தது. சிவந்திருக்கும். பார்த்திருப்பார்கள்.

ரசீதை வாங்கி, மடித்து, பிரபா தன் பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டு கிடைத்தது. திருப்புலிவனம் தாண்டியது.

"திங்கக்கெயம காஞ்சிபுரம் போலாம்" என்றாள் பிரபா. "எங்க லைன் பொண்ணுங்க புகார் குடுத்துக்கீதுங்க. நீயும் குடு. அந்த பழைய செக்க நான் அதுக்குத்தான் வெச்சிக்கீறேன். தினேஷு உன்கிட்ட இன்னா பேசினான்னு சொல்லு."

"பேரு வெளிய வந்துடும் பிரபா."

"வரட்டும்."

கண்டக்டர் வந்து போனார். பிரபா அக்காவின் மடியிலிருந்த ரெக்சின் பையைப் பார்த்தாள்.

"ஊர்ல இன்னும் எத்தினி பேரு கையெழுத்து உன் பையில கீது?"

"முப்பத்தியேழு பேரு."

மானாம்பதி வந்தது. பிரபா இறங்கினாள். அக்கா இறங்குவதற்காகக் காத்திருக்கவில்லை.

அன்று மதியம் பாஞ்சாலி முதலில் பஞ்சாட்சரத்திடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தட்டிலேயே கையைக் கழுவினார். ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுக்கப் போனவர், திறக்காமல் வெளியே இருந்த பானையில் மொண்டு குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீடு பக்கத்துத் தெருவில் சிட்டம்மாளுடையது. சித்தி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாடி போஸ்ட் ஆபீஸு. இன்னிக்கி இன்னா தேதி? நான் அஞ்சாந் தேதிதான கட்டுவேன்?"

"பணத்துக்கு வரல சித்தி." பாஞ்சாலி பையிலிருந்து பாஸ்புத்தகத்தையும் நாலு ஃபாரத்தையும் எடுத்துக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஃபாரங்களில் சிட்டம்மாளின் கட்டைவிரல் ரேகை நீலமாக இருந்தது. "இது உன்துது. நீயே வெச்சுக்கோ. இல்லாங்காட்டி கிழிச்சிப் போட்டுடு."

"இத நான் எங்கடி வெச்சுக் காப்பாத்துவேன்? உன்கிட்டயே கெடக்கட்டும்."

"வோணாம்."

"ஏன், உன் பையில எடம் இல்லியா?" சிட்டம்மாள் சிரித்தாள். "நல்லவேள வந்த. ஆடு ரெண்டு வித்த பணம் கீது. பதினெட்டாயிரம். பிரபா பணத்த எங்க போட்டியோ அங்கயே என்துதும் போட்டுடு. இரு, எடுத்துக்கினு வர்றேன்."

"உக்காரு சித்தி."

சிட்டம்மாள் எழப்போனவள் உட்கார்ந்தாள். பாஞ்சாலி நின்றபடியே சொன்னாள். பிரபாவிடம் சொன்னதைவிடச் சின்னதாகச் சொன்னாள். ஆனாலும் எதையும் மறைக்கவில்லை. நைனா பணத்தை எங்கே போட்டாள் என்பது. தெவசத்தன்று எல்லோர் முன்னாலும் பொய் சொன்னது. தங்கச்சி செக்கில் எதை எழுதினாள் என்பது.

சிட்டம்மாளின் கை கீரையில் நின்றது. "எட்டு லட்சமுமா?"

"ஆமா."

"அப்பால பிரபா பணத்தையும்?"

"எழுதிட்டேன். குடுக்கல."

எதிர்வீட்டில் யாரோ மிக்சியை நிறுத்தினார்கள். சிட்டம்மாள் கீரைக்காம்பு ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்தாள். இந்தச் சித்தியிடம் நல்ல திட்டு ஒன்றை எதிர்பார்த்துத்தான் பாஞ்சாலி முதலில் இங்கே வந்தாள். வாங்கியிருந்தால் அடுத்த வீட்டுக்கு நடக்கக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிட்டம்மாள் பாஸ்புத்தகத்தை எடுத்தாள். எழுத்துத் தெரியாதவள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"இதுல எல்லாம் சரியா கீதா?"

"கீது சித்தி. ஒரு பைசா தொடல."

"உம்." அவள் நாலு ஃபாரத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழித்தாள். துண்டுகளைக் கீரைக்காம்போடு சேர்த்துக் குவித்தாள். பாஸ்புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "போஸ்ட் ஆபீஸு எத்தினி மணிக்கு தொறக்கும்?"

"பத்து மணிக்கு."

"எந்த பஸ்ஸுல போவணும்?"

பாஞ்சாலி சொன்னாள். சித்தி தலையை ஆட்டிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு வாசலில் தினேஷின் அம்மா செங்கேணி நின்றுகொண்டிருந்தாள். மிக்சி ஜாரைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி பையைத் திறந்து அவளுடைய பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அந்த வீட்டில் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பையில் இன்னும் முப்பத்தாறு பேர் இருந்தார்கள்.